பின்பால் மிஷினில் விளக்கு எரியவில்லை: கடற்கரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் பின்பால் மிஷின், அதாவது சாய்ந்த பலகையில் இரும்புப் பந்தை உருட்டி ஆடும் மிஷின், வைத்திருக்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். துபாயிலோ சிங்கப்பூரிலோ கடையைக் காலி செய்தவரிடம் வாங்கி, வீட்டுச் சாமானோடு கண்டெய்னரில் ஏற்றி வந்தவைதான் பெரும்பாலும். வந்த புதிதில் ஜொலிக்கும். ஓரிரண்டு வாடைக்காலம் கழிந்ததும் விளக்குகள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பிக்கும். எனக்குத் தொழில் படகு ஒயரிங். இந்த மிஷின்கள் ஆசையால் வந்து சேர்ந்த வேலை. ஃபோனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மிஷின் நன்றாக ஓடுகிறது, விளக்கு மட்டும் பாதி இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

ஸ்க்ரூடிரைவரை அப்புறம் எடுக்கலாம். முதலில் தாளும் பேனாவும் எடுத்து, எந்தெந்த விளக்கு எரியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்பாலில் விளக்குகள் மூன்று கூட்டம். ஒவ்வொன்றுக்கும் கரண்ட் வரும் வழி வேறு. அதனால் எது இருண்டிருக்கிறது என்று தெரிந்தாலே குறை இருக்கும் இடம் பாதி பிடிபட்டுவிடும்.

முதல் கூட்டம் ஜெனரல் இல்யூமினேஷன், சுருக்கமாக ஜி.ஐ. சுவிட்ச் போட்டதும் எரிந்து, ஆட்டம் முழுக்க வெளிச்சம் தந்துகொண்டிருக்கும் விளக்குகள் இவை. பந்து ஓடும் பலகையில் பிளாஸ்டிக் மூடிகளுக்கு அடியிலும், அதன் தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியில் படக் கண்ணாடிக்குப் பின்னாலும் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 6.3 வோல்ட் ஏசி, ஃபியூஸ் வழியாக இவற்றுக்கு வருகிறது. இரண்டாவது கூட்டம், ஆட்டத்துக்குத் தக்கபடி எரிந்து அணையும் விளக்குகள். பலகையில் பதித்த அம்புக்குறி, வட்டம், எழுத்து ஆகியவற்றுக்கு அடியில் இருப்பவை. இவற்றுக்கு எஜமான் கம்ப்யூட்டர் போர்டு. மூன்றாவது, பளிச் பளிச்சென்று வெட்டும் ஃபிளாஷர்கள்.

ஒரே ஒரு விளக்கு போயிருந்தால் குறை பல்பிலோ ஹோல்டரிலோ இருக்கும். ஜி.ஐ.யில் ஒரு பகுதி மொத்தமாக இருண்டிருந்தால் ஃபியூஸையும் கனெக்டரையும் பாருங்கள். ஆட்ட விளக்குகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து போயிருந்தால் போர்டு பக்கம் போகலாம். ஆனால் நம் கரையில் போர்டு கெட்டு விளக்குப் போவது குறைவு, தொடுமுனை கெட்டுப் போவதுதான் அதிகம். “போர்டை மாத்திரு” என்று யாராவது சொன்னால் அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

திறப்பதற்கு முன் கவனிக்க வேண்டியது?

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பெட்டிக்கு உள்ளே சுவிட்ச் வரைக்கும் 230 வோல்ட் வந்து நிற்கும். அடுத்து இரும்புப் பந்துகளை வெளியே எடுத்துவிடுங்கள். பலகையைத் தூக்கும்போது அவை உருண்டு தலைப்பெட்டிப் பக்கம் விழுந்தால் கண்ணாடியும் போகும், போர்டும் போகலாம். கரண்டைப் போட்டு அளக்க வேண்டி வந்தால் மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு அளங்கள். விளக்குக்கு வருவது சின்ன வோல்டேஜ்தான், ஆனால் பக்கத்திலேயே பந்தை அடித்துத் தள்ளும் காயில்களுக்கு 50, 70 வோல்ட் டிசி ஓடுகிறது. நழுவிய ஒரு ஸ்க்ரூடிரைவர் இரண்டையும் தொட்டுவிட்டால் வரிசையாகப் பல டிரான்சிஸ்டர்கள் காலி.

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை. புதுப் பல்பு போட்டும் பயனில்லை.

பல்பை ஹோல்டரில் வைத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். விரலால் ஒரு பக்கம் அழுத்தினால் எரிகிறது, விரலை எடுத்தால் அணைகிறது என்றால் ஹோல்டர்தான் குற்றவாளி. திருகிப் போடும் பழைய பித்தளை ஹோல்டரில் இரண்டு இடம் கெடும். ஒன்று, பல்பின் அடிமுனையைத் தொடும் ஸ்பிரிங். மற்றொன்று, ஹோல்டர் உடம்பையும் அதைப் பலகையில் பிடித்திருக்கும் தகட்டையும் இணைக்கும் ரிவெட். பலர் ஸ்பிரிங்கைத் துடைத்துவிட்டு ரிவெட்டை மறந்துவிடுவார்கள். அங்கே பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கரண்ட் நின்றுவிடும். தகட்டிலிருந்து ஹோல்டர் உடம்புக்கு ஒரு துண்டு ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ரிவெட்டின் வேலையை ஒயர் பார்த்துக்கொள்ளும். ஸ்பிரிங்கே செத்திருந்தால் ஹோல்டரை மாற்றுங்கள்.

சுத்தம் செய்ய மெல்லிய உப்புத்தாள் போதும். இரும்புக் கம்பளியை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உதிரும் இழை ஒவ்வொன்றும் கரண்ட் கடத்தும், எங்கே போய் ஷார்ட் ஆக்கும் என்று சொல்ல முடியாது.

ஆட்ட விளக்காக இருந்தால் கூடவே, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்று இருக்கும். 1என்4004 என்று எழுதியிருக்கும் சின்னக் கறுப்பு உருளை. பல்பைக் கழற்றிவிட்டு மீட்டரை டயோடு குறியில் வைத்து அளங்கள். ஒரு பக்கம் வைத்தால் 0.5, 0.6 போல் காட்ட வேண்டும், மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டக்கூடாது. இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லையென்றால் டயோடு உள்ளே அறுந்துவிட்டது. புதியது போடும்போது வெள்ளிக் கோடு பழையதில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வர வேண்டும்.

அபுதாபியில் பத்து வருஷம் எரிந்த மிஷின். இங்கே வந்ததும் ஏன் இப்படி ஆகிறது?

அங்கே அது ஏசி அறைக்குள் நின்றது. இங்கே கடலைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

உப்புக்காற்று என்று சொல்லிவிட்டுப் போகிறோம், உள்ளே நடப்பது இதுதான். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் வந்து உலோகத்தின் மேல் உப்புப் படலமாக உட்காரும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைந்து உப்புநீராகிவிடும். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் மழைக்காலத்தில் உப்புக் குவியல் கசிவதைச் சொல்வார்கள். பித்தளை ஹோல்டர், இரும்புத் தகடு, கனெக்டரின் ஈயம் பூசிய ஊசி (பின்) என்று வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. ஒன்று மற்றொன்றை அரிக்கும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை ஓயாமல் நடந்தது இதே உப்பால்தான்.

உப்புத்தாளால் தேய்த்தால் படலம் போகும், உப்பு முழுக்கப் போகாது. தேய்த்தபின் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு, அப்புறம் பல்பு போடுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் துரு எண்ணெய் ஸ்பிரே இங்கே வேண்டாம். எண்ணெய் தங்கித் தூசியைப் பிடிக்கும், எளிதில் தீயும் பற்றும்.

காக்கா (அண்ணே), பலகை மேலே வெளிச்சமே இல்லை. அம்பு விளக்கெல்லாம் எரியுது. ஃபியூஸும் நல்லா இருக்கு. என்ன செய்ய?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. பதில் அநேகமாக எப்போதும் ஒன்றுதான்: ஜி.ஐ. கனெக்டர் தீய்ந்திருக்கும்.

தலைப்பெட்டியைத் திறந்து பவர் போர்டைப் பாருங்கள். 1990 முதல் 1995 வரை வந்த வில்லியம்ஸ், பாலி கம்பெனி மிஷின்களில் ஜே120, ஜே121 என்று போர்டிலேயே அச்சடித்திருக்கும். வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டரில் ஒன்றிரண்டு பின் இருக்கும் இடம் மட்டும் பழுப்பாகி, இன்னும் மோசமானால் கறுத்து உருகியிருக்கும். கனெக்டரை இழுத்தால் பிளாஸ்டிக் பொடிப்பொடியாக உதிரும். கருகிய பேக்கலைட் வாசனை மூக்கில் ஏறும். கீழே போர்டில் நிற்கும் பின்னைச் சுற்றி ஈயம் வளையமாக விரிசல் விட்டிருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும்.

ஏன் இங்கே மட்டும் தீய்கிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜி.ஐ.யில் வழக்கமாக இருக்கும் 44-ஆம் நம்பர் பல்பு ஒன்றுக்கு 250 மில்லி ஆம்பியர். ஒரு சரத்தில் 20 பல்பு இருந்தால் 5 ஆம்பியர். அத்தனையும் ஒரு பின் வழியாகப் போகிறது என்று வையுங்கள். அரிப்பால் அந்தத் தொடுமுனையில் வெறும் 0.1 ஓம் தடை வந்தாலும் 5 × 5 × 0.1, அதாவது இரண்டரை வாட் வெப்பம் ஒரு குண்டூசி அளவு இடத்தில். வெப்பத்தில் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் வெப்பம் இன்னும் கூடும். உப்பு இந்தச் சுழற்சியைத் தொடங்கி வைக்கிறது, அவ்வளவுதான்.

உறுதி செய்ய, மிஷினைப் போட்டு, போர்டின் பின்னில் ஏசி வோல்டேஜை அளங்கள், பிறகு கனெக்டரின் ஒயர்ப் பக்கம் அளங்கள். கடையில் கிடைக்கும் சின்ன மஞ்சள் மீட்டரில் ஏசிக்கு 200, 750 என்று இரண்டு ரேஞ்ச்தான் இருக்கும். 200-இல் வையுங்கள். துல்லியம் குறைவுதான், ஆனாலும் இரண்டு இடத்தையும் ஒப்பிடப் போதும். பின்னில் 6 சொச்சம், ஒயரில் 4 என்றால் நடுவே இருக்கும் கனெக்டர்தான் மிச்சத்தை விழுங்குகிறது.

சரிசெய்யும்போது ஒரு பக்கத்தை மட்டும் மாற்றாதீர்கள். போர்டிலுள்ள பின் வரிசை, ஒயர்ப் பக்கக் கூடு, அதற்குள் இருக்கும் கவ்வு என்று மூன்றையும் புதிதாகப் போடுங்கள். பழைய பின்னில் புதுக் கவ்வை மாட்டினால் பழைய கறுப்பு புதியதையும் தின்றுவிடும். கவ்வு வாங்கும்போது மூன்று பக்கமும் பிடிக்கும் வகையைக் கேளுங்கள், டிரைஃபர்கான் என்று பெயர். ஒயரை அதற்கான பிளையரால் நசுக்கிப் பிடிக்கச் செய்யுங்கள்.

கனெக்டரையே வெட்டி எறிந்துவிட்டு ஒயரை நேராகப் போர்டில் பற்றவைத்த மிஷின்களும் என்னிடம் வருகின்றன. விளக்கு எரியும், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த முறை போர்டைக் கழற்ற வேண்டி வரும்போது கழற்றுபவர் திட்டும் திட்டு, பற்றவைத்தவரின் ஊர் வரைக்கும் கேட்கும்.

ஃபியூஸ் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரிகிறது. அளக்க வேண்டுமா?

வேண்டும். ஹோல்டரிலிருந்து கழற்றி, மீட்டரை பீப் குறியில் வைத்து அளங்கள். மாட்டியபடியே அளந்தால் வேறு வழியாகச் சுற்றி வந்து பீப் அடித்து ஏமாற்றும். ஃபியூஸ் கிளிப்பும் துரு ஏறித் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு தொல்லை: அமெரிக்க மிஷினில் 32 மில்லிமீட்டர் நீள ஃபியூஸ், நம் கடைகளில் அதிகம் கிடைப்பது 20 மில்லிமீட்டர். பொருந்தாததால் ஈயத்தாளைச் சுற்றி மாட்டிய மிஷின்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், வீட்டில் ஆள் தூங்கும்போது தீப்பிடிக்கும். ஹோல்டருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் ஆம்பியரையே போடுங்கள். ஸ்லோ புளோ (மெதுவாக உருகுவது) என்று எழுதியிருந்தால் அதே வகைதான் வேண்டும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட். பெரும்பாலும் ஹோல்டரின் காது வளைந்து பக்கத்துத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

ஆட்ட விளக்குகளில் எட்டு ஒன்றாகப் போய்விட்டன. எட்டு பல்புமா கெட்டுப்போகும்?

பல்புகள் நன்றாகத்தான் இருக்கும். இவை மேட்ரிக்ஸ் முறையில் இணைக்கப்பட்டவை. எட்டு நெடுவரிசை, எட்டுக் கிடைவரிசை, மொத்தம் 64 விளக்கு, ஒயர் 16 மட்டும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மாறி மாறி 18 வோல்ட் கொடுக்கும், எரிய வேண்டிய கிடைவரிசைகளை எர்த் பக்கம் இழுக்கும். ஒரு விளக்குக்கு எட்டில் ஒரு பங்கு நேரம்தான் கரண்ட். 18 வோல்டை அந்தப் பங்குக்குக் கணக்கிட்டால் பல்புக்குத் தொடர்ந்து 6.3 வோல்ட் கொடுத்த மாதிரி ஆகிறது. 6.3 வோல்ட் பல்பு 18 வோல்டில் பிழைப்பது இப்படித்தான்.

எட்டும் சேர்ந்து போனால் அவற்றுக்குப் பொதுவான ஒயரைத் தேடுங்கள். மேலே சொன்ன தொண்ணூறுகளின் மிஷின்களில் நெடுவரிசை ஒயர் மஞ்சளும் மற்றொரு நிறமும், கிடைவரிசை ஒயர் சிவப்பும் மற்றொரு நிறமும். எட்டு ஹோல்டருக்கும் அந்த ஒயர் சங்கிலியாகத் தாவித் தாவிப் போகும். முதல் ஹோல்டரில் ஈயம் விட்டிருந்தால் எட்டும் இருண்டுவிடும். நான்காவதில் விட்டிருந்தால் அதற்கு அப்பால் உள்ளவை மட்டும். ஒயர், அப்புறம் கனெக்டர், கடைசியாகப் போர்டு. போர்டில் நெடுவரிசைக்கு டிஐபி107, கிடைவரிசைக்கு டிஐபி102 டிரான்சிஸ்டர்.

காசு போடும் கதவைத் திறந்தால் உள்ளே பொத்தான்கள் இருக்கும். அவற்றின் வழியாக டெஸ்ட் மெனுவுக்குப் போய் விளக்குச் சோதனையை ஓடவிடுங்கள். எந்த விளக்கு எந்த வரிசை என்று மிஷினே திரையில் சொல்லும். இதைத் தெரியாமல் ஆடி ஆடித் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

சில விளக்குகள் அணையவே இல்லை, வழக்கத்தை விடப் பளீரென்று எரிகின்றன.

உடனே மிஷினை அணையுங்கள். நெடுவரிசை டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி 18 வோல்ட் இடைவிடாமல் போகிறது. பல்புகள் ஒவ்வொன்றாக வெடிக்கும், பலகையின் பிளாஸ்டிக்கும் சூடு வாங்கும். எரிய வேண்டிய விளக்கோடு சம்பந்தமில்லாத இன்னொன்றும் சேர்ந்து எரிந்தால் அது வேறு விஷயம். ஏதோ ஒரு டயோடு ஷார்ட், அல்லது இரண்டு ஹோல்டர்களின் கால்கள் தொட்டுக்கொள்கின்றன.

பைக் கடையில் பார்க்கிங் பல்பு பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைப் போடலாமா?

உள்ளே போய் உட்காரும். பின்பாலில் சொருகிப் போடும் 555-ஆம் நம்பர் பல்பும், அடிப்பகுதியும் கண்ணாடியாகவே இருக்கும் வண்டிப் பல்பும் அடியில் ஒரே அளவு. ஆனால் வண்டிப் பல்பு 12 வோல்ட். பாதி வோல்டேஜில் செம்மண் நிறத்தில் முனகும். கார் எல்இடிகளில் சில எரியவே எரியாது. 6.3 வோல்ட் என்று பார்த்து வாங்குங்கள். திருகிப் போடும் வகைக்கு 44-க்குப் பதில் 47 போட்டால் 150 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். வெளிச்சம் சற்றுக் குறையும், கனெக்டர் பிழைக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் எல்இடி ஆக்கிவிடலாமே?

ஜி.ஐ.க்கு, ஆக்குங்கள். அதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. 5 ஆம்பியர் சரம் அரை ஆம்பியருக்குள் இறங்கிவிடும், தீய்கிற பேச்சே இருக்காது. ஆனால் நம் நாட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒற்றை வழியில் மட்டும் எரியும் மலிவு எல்இடி நொடிக்கு 50 முறை அணைந்து எரியும், பார்த்துக்கொண்டே ஆடினால் தலை வலிக்கும். கரண்ட் எந்தப் பக்கம் வந்தாலும் எரிய வைக்கும் பிரிட்ஜ் டயோடு உள்ளே உள்ள வகையில் அது 100 ஆகிவிடும், கண் பொறுக்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸில் பரவாயில்லை என்று சொல்லப்பட்ட பல்பு இங்கே உறுத்துவது இதனால்தான். தீய்ந்த கனெக்டரை மாற்றாமல் எல்இடி மட்டும் போடுவதும் வேண்டாம்.

ஆட்ட விளக்குகளில் எல்இடி போட்டால் அணைந்திருக்க வேண்டிய நேரத்திலும் மங்கலாகப் பேய் மாதிரித் தெரியும். வரிசை மாறும் கணத்தில் கசியும் சொற்பக் கரண்டே எல்இடிக்குப் போதும், இழைப் பல்புக்குப் போதாது. இதற்கென்றே தனி வகை எல்இடி வருகிறது, கேட்டு வாங்குங்கள். 1977 முதல் எண்பதுகளின் நடுவரை வந்த பாலி மிஷின்களில் டிரான்சிஸ்டருக்குப் பதில் எஸ்சிஆர் என்ற வேறு வகை மின் சுவிட்ச் இருக்கும். அது பிடித்து நிற்கக் குறைந்தபட்சக் கரண்ட் தேவை. எல்இடி அவ்வளவு இழுக்காததால் படபடக்கும். எல்இடிக்கு இணையாக 470 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று வைத்தால் அடங்கிவிடும்.

ஃபிளாஷர் எரியவில்லை.

89 அல்லது 906 நம்பர் பல்பு, 13 வோல்ட். காயில்களை இயக்கும் வகை டிரான்சிஸ்டரே இதையும் இயக்குகிறது. பல்பையும் ஹோல்டரையும் அந்தச் சரத்தின் ஃபியூஸையும் பாருங்கள். எரிந்தபடியே நின்றுவிட்டால் மட்டும் அவசரம். ஒரு கணம் வெட்டுவதற்கான பல்பு அது, தொடர்ந்து எரிந்தால் மேலிருக்கும் மூடி உருகிவிடும்.

எல்லா விளக்கும் மங்கல். கரண்டில் வோல்டேஜ் குறைவோ?

இருக்கலாம், மாலையில் அளந்து பாருங்கள். ஆனால் அதற்கு முன் மிஷின் எந்த நாட்டுக்குச் செய்தது என்று பாருங்கள். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவை பெரும்பாலும் 220–240 வோல்டுக்கு அமைத்தவை. அமெரிக்காவிலிருந்து நேராக வந்தது 120 வோல்ட். அதை ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுகிறீர்கள் என்றால் அந்தப் பெட்டி மிஷினின் வாட்டுக்குப் போதுமானதா என்று பாருங்கள். பல மிஷின்களில் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் இணைப்பை மாற்றியே 230-க்குக் கொண்டுவரலாம், மேனுவலில் படம் இருக்கும். லைன் ஃபியூஸையும் கூடவே மாற்ற வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்த ஆளிடம் விடுங்கள்.

புது மிஷினுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

2015-க்குப் பின் வந்த ஸ்டெர்ன் கம்பெனியின் ஸ்பைக் வகையில் எல்இடிகள் சிறு போர்டுகளிலேயே பதிந்திருக்கும். பல்பு, டயோடு கதை அங்கே இல்லை. ஒரு பகுதி இருண்டால் அந்தப் பகுதியை இயக்கும் நோடு போர்டுக்கு வரும் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். அதற்கு மேல் போர்டு மாற்றம்தான்.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

டயோடு, டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர் எல்லாம் மதுரை எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலோ சென்னை ரிச்சி தெருவிலோ சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். 44, 47 பல்பின் அடிப்பகுதி பிஏ9எஸ் வகை. தொழிற்சாலைப் பேனல் விளக்கு விற்பவர்களிடம் 6.3 வோல்டில் கேட்டுப் பாருங்கள். ஹோல்டரும் பின்பாலுக்கான எல்இடியும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஊருக்கு லீவில் வருகிற மச்சானிடம் சொல்லிவிட்டால் கைப்பையில் வந்துவிடும்.

மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது?

பிளாஸ்டிக் தாளால் மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே அடைபடும். பழைய பருத்திப் பெட்ஷீட் போதும். ஜன்னல் பக்கத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். வாரத்துக்கு ஓரிரு முறை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், உள்ளே எழும் சூடு ஈரத்தை விரட்டும். ஆடாத மிஷின்தான் இங்கே சீக்கிரம் சாகிறது. புதுக் கனெக்டர் மாட்டும்போது டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லிசாகத் தடவினால் உப்பு உள்ளே ஏறாது.

அப்படியே தொண்ணூறுகளின் மிஷினாக இருந்தால் சிபியு (கம்ப்யூட்டர்) போர்டில் இருக்கும் மூன்று பென்சில் பேட்டரியையும் பாருங்கள். ஒழுகியிருந்தால் வெள்ளைப் பொடி தெரியும். அது காரம். வினிகரால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ஒழுகல் பக்கத்துச் சிப்புகள் வரை போன மிஷினை மீட்பது பெரிய வேலை.

எப்போது கொண்டுவரலாம்?

பலகையைக் கழற்றித் தர வேண்டாம். தலைப்பெட்டியின் போர்டு, தீய்ந்த கனெக்டர், ஃபியூஸ் பக்கம் மூன்றையும் ஃபோட்டோ எடுத்து முதலில் அனுப்புங்கள். பாதிக்குப் பாதி ஃபோனிலேயே தீர்ந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கடலுக்குப் போகாத படகெல்லாம் கரையில் ஏறி ஒயரிங்குக்கு நிற்கும், எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த இரண்டு மாதம் தவிர எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். மிஷினைத் தூக்க நான்கு பேர், கூடவே மேனுவல்.